அவரவர் ஃபோல்டர்

ஜூலை 19, புதன்

தண்ணீர் வரும் நாள். மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துபோனேன். மாடித்தொட்டி வழிந்து, கீழ்வீட்டு அம்மாளிடம் காலையிலேயே நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அத்தனை சத்தத்துக்கும் என் வீட்டுக்காரர் ரத்தினவேல் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கம்ப்யூட்டரில் கன்றுக்குட்டிக்குக் கண் வரைந்துகொண்டிருந்தார். கொஞ்ச நாளாக எங்கள் வீட்டில் அந்தக் கன்றுக்குட்டிதான் மூன்றாவது ஆள். சாம்பிளுக்குப் போட்டது படம் கேட்ட காலண்டர் பார்ட்டிக்குப் பிடித்துவிட்டதாம், பெரிய சைஸுக்கு மறுபடியும் வேலை. மூக்கைத் தொட்டால் ஈரம் ஒட்டும், அப்படி வந்திருக்கிறது. அவருக்குக் கை நல்ல கை. சொன்னால் தலைக்கு ஏறிவிடும் என்று நான் சொல்வதில்லை.

நான் சர்வர் பார்த்துக்கொள்கிற பிரஸ்ஸில் ஒரே ரகளை. வேலாயுதம் காலண்டர்ஸ் முதலாளி, பைக்கை ஸ்டாண்டுகூடப் போடாமல் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார். அவருடைய அடுத்த வருடக் காலண்டருக்கு முதல் படம், ஊஞ்சலில் தூங்கும் குட்டிப் பிள்ளையார். மூஞ்சூறு கயிற்றை இழுத்து ஆட்டிவிடும். ஆடிப் பதினெட்டு அன்றுதான் சிவகாசியில் புதுப் படங்களின் காலண்டர் ஆல்பம் வெளியிடுவார்கள். அதுவரை படத்தைப் பெண்டாட்டிக்குக்கூடக் காட்டாத ஆட்கள் இவர்கள். அந்தப் படத்தின் நகல் பூங்கொடி காலண்டர்ஸ் ஏஜெண்டின் சாம்பிளில் இருக்கிறதாம். மதுரையிலிருந்து யாரோ போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். வேலாயுதமும் பூங்கொடியும் எங்களிடம் அச்சடிக்கிற பார்ட்டிகள்தான். இரண்டு பேருடைய படங்களும் எங்கள் சர்வருக்குத்தான் வருகின்றன.

"உங்க ஆபீஸ்ல இந்தப் படத்தத் தொறந்தது யாரு?" என்று கேட்டார்.

அச்சுக்குப் பிளேட் எடுக்கிற காளிராஜ் அண்ணன் மட்டும்தான் திறந்திருந்தார். முதலாளி தங்கமாரியப்பன் அண்ணாச்சி எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்: "ஆடிப் பதினெட்டுக்குள்ள இது எப்படிப் போச்சுன்னு தெரியணும். தெரியலைன்னா காளிராஜ் வேற இடம் பாத்துக்கிறட்டும்." படத்தை விற்றவன் என்று பெயர் விழுந்தவனுக்கு இந்த ஊரில் வேற இடம் கிடையாது. அது அண்ணாச்சிக்கும் தெரியும்.

காளிராஜ் அண்ணனை எனக்குப் பெரிதாகப் பிடிக்காது. என் டம்ளரில் காபி குடிப்பார், கழுவமாட்டார். ஏசியைப் பதினெட்டில் வைத்துவிட்டு மூக்கை உறிஞ்சுவார். ஆனால் இன்றைக்கு ஏசி ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். அது என்னமோ மாதிரி இருந்தது.

அந்த போட்டோவை என்னிடமும் காட்டினார்கள். பிள்ளையாருக்குப் பதில் குழந்தைக் கிருஷ்ணர். அதே ஊஞ்சல், அதே மணிகள், சங்கிலியில் அதே கிளி. கயிற்றை இழுப்பது மூஞ்சூறு இல்லை, ஒரு கன்றுக்குட்டி.

ராத்திரிக்குத் தோசை. சட்னியில் உப்பு போட மறந்துவிட்டேன்.

ஜூலை 20, வியாழன்

காலையிலேயே ஒன்று செய்து பார்த்தேன். எங்கள் பார்ட்டிகள் படம் அனுப்புவதற்கென்று ஒவ்வொருவருக்கும் சர்வரில் ஒரு கணக்கும் ஒரு ஃபோல்டரும் உண்டு. நான் இங்கே சேருவதற்கு முன்பிருந்த ஆள் இதை அமைத்துவிட்டுத் துபாய் போய்விட்டார். ஒரு பார்ட்டியின் கணக்கில் நானே நுழைந்து, ஃபோல்டரிலிருந்து ஒரு படி மேலே போனேன். அத்தனை பார்ட்டிகளின் பெயரும் வரிசையாக வந்து நின்றன. வேலாயுதத்தைத் திறந்தேன், திறந்தது. பிள்ளையார் தூங்கிக்கொண்டிருந்தார்.

அண்ணாச்சிக்கு எப்படிச் சொல்வது? "கல்யாண மண்டபத்துல ஆளுக்கொரு ரூம் குடுத்திருக்கோம் அண்ணாச்சி. ஆனா எந்த ரூமுக்கும் தாழ்ப்பாள் இல்ல" என்றேன்.

"அப்ப யாரு வேணும்னாலும் உள்ள போய்ப் பாத்திருக்கலாம்?"

"ஆமா. காளிராஜ் அண்ணன்தான்னு சொல்ல முடியாது."

"யாருன்னு சொல்லு."

சொல்ல முடியாது. யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்பது சர்வரில் பதிவாகும். வந்தவர்கள் எதைத் திறந்தார்கள் என்பதைப் பதிவு செய்யும்படி அதனிடம் யாரும் சொல்லிவைக்கவில்லை. அண்ணாச்சி நெற்றியைத் தேய்த்தார். "யாரோ எடுத்தான்னு சொன்னா வேலாயுதம் போய்ட்டு வாரேன்னு போயிருவாரா? மொதல்ல தாழ்ப்பாளப் போடு தாயி. வெளிய மூச்சு விடாத. இம்புட்டு நாளு தொறந்து கெடந்துச்சுன்னு தெரிஞ்சா பாதிப் பார்ட்டி ஓடிருவான்."

படம் அனுப்புகிறவர்கள் எல்லாரும் பார்ட்டிகளே என்றும் சொல்ல முடியாது. அவர்களுக்கு டிசைன் போடுகிறவர்கள் பார்ட்டியின் பாஸ்வேர்டை வாங்கி வைத்துக்கொண்டு வீட்டிலிருந்தே அனுப்புவார்கள். ரத்தினவேல்கூட இரண்டு மூன்று பேருக்கு அப்படித்தான் அனுப்புகிறார்.

ஜூலை 21, வெள்ளி

கன்றுக்குட்டி எல்லாரும்தான் வரைகிறார்கள்.

ஜூலை 22, சனி

நாளைக்கு பிரஸ்ஸுக்குப் போக வேண்டும் என்று வீட்டில் சொன்னேன். "ஞாயித்துக்கிழமை என்ன வேலை?" என்று கேட்டார். பிரிண்டர் ரிப்பேர், கம்பெனி ஆள் வருகிறான் என்றேன். யாரிடமும் சொல்லாதே என்று அண்ணாச்சி சொல்லியிருக்கிறார் அல்லவா, அதனால்தான். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அண்ணாச்சி சொன்ன எத்தனையோ ரகசியங்களை இவரிடம் அன்றைக்கன்றே கொட்டியிருக்கிறேன். அதை இங்கே எழுதாமல் விட்டிருக்கலாம்.

ஜூலை 23, ஞாயிறு

வரிசையாக எழுதிவிடுகிறேன்.

பிரஸ்ஸில் காளிராஜ் அண்ணன் மட்டும் இருந்தார். ஏதோ பிளேட் பாக்கி என்றார். வீட்டில் உட்கார முடியாமல் வந்திருப்பார் என்று தோன்றியது.

வேலை இதுதான். பார்ட்டிகளின் கணக்குகளை எல்லாம் ஒரு குழுவில் சேர்க்க வேண்டும். அந்தக் குழுவில் இருக்கிற யார் உள்ளே வந்தாலும் அவரவர் ஃபோல்டருக்குள்ளேயே நிற்க வேண்டும், மேலே போக வழி இருக்கக்கூடாது. எழுதி முடித்துச் சோதித்தால் ஒருவராலும் உள்ளே வர முடியவில்லை. எல்லாரையும் வாசலிலேயே திருப்பி அனுப்பியது. அவர்கள் ஃபோல்டர்தானே, அவர்கள் பெயரிலேயே இருக்கட்டும் என்று தாராளமாக எழுதி வைத்திருந்தேன். சர்வருக்கு அந்தத் தாராளம் பிடிக்காது. வெளி ஃபோல்டர் சர்வரின் முழு அதிகாரியான ரூட் பெயரில் இருக்க வேண்டும். பார்ட்டிக்கு உள்ளே ஓர் அறை மட்டும்தான் சொந்தம். தெரிந்த விஷயம்தான், பதற்றத்தில் மறந்திருக்கிறது. ஒவ்வொன்றாக மாற்றினேன். வேலை செய்தது.

அதோடு எழுந்திருக்கலாம். என் கணக்கிலும் ஒரு தடவை பார்த்துவிடுவோம் என்று என்னையும் அந்தக் குழுவில் சேர்த்தேன். புது விண்டோ திறந்து உள்ளே போனேன். காலி ஃபோல்டர். மேலே போகவில்லை. அட, பிரமாதம் என்று எனக்கே ஒரு சபாஷ் போட்டுக்கொண்டேன்.

பிறகுதான் உறைத்தது. ரூட் வேலை செய்ய இந்த ஊரில் இருக்கிற ஒரே கணக்கு என்னுடையது. அதைத்தான் காலி ஃபோல்டருக்குள் போட்டுப் பூட்டியிருக்கிறேன். புதிதாக உள்ளே போக எப்படி முயன்றாலும், இந்தக் கணக்கில் ஃபைல் அனுப்ப மட்டுமே முடியும் என்று ஒரே பதில். சர்வரோ சென்னையில் யாரோ ஒருவருடைய கட்டடத்தில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அங்கே போனை எடுக்க ஆள் இருக்காது. எடுத்தாலும் சர்வரையே நிறுத்தி மறுபடி கிளப்ப வேண்டும். நாளைக் காலையில் ஒரு பார்ட்டியும் படம் அனுப்ப முடியாது.

மிச்சம் இருந்தது காலையில் திறந்த பழைய விண்டோ ஒன்றுதான். பூட்டுவதற்கு முன் உள்ளே போனது என்பதால் அதை மட்டும் இந்தப் பூட்டு தடுக்காது. புதிதாக உள்ளே போய்ப் பார்க்காமல் பழையதை மூடக்கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். அதை மட்டும் மறக்காமல் இருந்திருக்கிறேன். அந்த விண்டோவுக்கு மவுஸை நகர்த்தும்போது கரண்ட் போனது.

யூபிஎஸ் கத்தத் தொடங்கியது. அது பழைய யூபிஎஸ், எவ்வளவு நேரம் தாங்கும் என்று யாருக்கும் தெரியாது.

"என்ன கனியம்மா, மூஞ்சி வெளுத்துருச்சு?"

"அண்ணே, இந்தக் கம்ப்யூட்டர் நின்னா நான் செத்தேன்."

அவர் ஓடிப்போய்ப் பிளேட் மெஷினை நிறுத்தினார், மற்றக் கம்ப்யூட்டர்களின் வயர்களை யூபிஎஸ்ஸிலிருந்து வரிசையாகப் பிடுங்கினார். நான் பழைய விண்டோவில் என்னைக் குழுவிலிருந்து எடுக்கும் வரியை அடித்தேன். ஒரு எழுத்துகூடத் திரையில் வரவில்லை. நெட் தொங்கிவிட்டது. மறுபடியும் அடிப்பதா, காத்திருப்பதா? கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். யூபிஎஸ்ஸின் கத்தல் நெருக்கமாகிக்கொண்டே வந்தது. திடீரென்று எல்லா எழுத்தும் மொத்தமாக வந்து விழுந்தது. பாஸ்வேர்டு கேட்டது. கொடுத்தேன். புது விண்டோ திறந்து உள்ளே போனேன். போய்விட்டேன். கொஞ்ச நேரத்தில் யூபிஎஸ் நின்று அறையே இருட்டானது.

காளிராஜ் அண்ணன் வயர்களைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். "அந்தப் பிள்ளையார் படத்தப் பிளேட்டுக்கு எடுக்கும்போது ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தேன்மா. அவ்வளவு அழகு. பாத்தது தப்பாப் போச்சு" என்றார்.

எனக்குச் சட்டென்று அழுகை வந்தது. இருட்டில் அவருக்குத் தெரிந்திருக்காது.

ஜூலை 24, திங்கள்

காலையிலிருந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு போனும் இல்லை. பார்ட்டிகள் எல்லாரும் எப்போதும்போலப் படம் அனுப்பினார்கள். எதுவும் மாறியதாகவே ஒருவருக்கும் தெரியவில்லை. தன் ஃபோல்டரில் போட்டுவிட்டுப் போகிறவருக்கு எப்படித் தெரியும்? அண்ணாச்சியிடம் இதைச் சொன்னேன், என் வேலையின் சுத்தத்தைப் பீற்றிக்கொள்ளத்தான் சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப மேல போய் எட்டிப் பாக்குறவனுக்கு மட்டும்தான் தெரியும்?"

"ஆமா."

"எவன் உனக்குப் போனப் போட்டு, மத்ததெல்லாம் காணோமேன்னு கேக்கானோ, அவன்தான் எடுத்தவன். சரியா?"

பள்ளிக்கூடத்தை எட்டாவதோடு நிறுத்தியவர். சர்வரை ஓட்டும் லினக்ஸின் பெயரைக்கூட ஒரு தடவை சரியாகச் சொல்ல வராது. என் வேலையை வைத்தே கண்ணி வைத்துவிட்டார்.

"ஆடிப் பதினெட்டு அன்னைக்கு வேலாயுதத்த வரச் சொல்லியிருக்கேன். அதுக்குள்ள எவனாச்சும் கேட்டா எனக்குச் சொல்லு. ஒருத்தனும் கேக்கலைன்னா காளிராஜ்தான்."

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். வேறு என்ன செய்வது?

ஜூலை 26, புதன்

மத்தியானம் நாகலிங்கம் காலண்டர்ஸிலிருந்து போன். "எல்லாம் காணோம்மா! என்ன பண்ணித் தொலைச்சீங்க?" என்ன காணோம், எங்கே பார்த்தீர்கள் என்று துருவித் துருவிக் கேட்டேன். கடைசியில் பார்த்தால் போன வருட ஃபோல்டரில் போய் இந்த வருடப் படத்தைத் தேடியிருக்கிறார்.

நாகலிங்கம் அகப்பட்டார் என்று நினைத்த அந்தக் கொஞ்ச நேரத்தில் எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே! பாவம், எனக்கு ஒரு கெடுதலும் செய்யாத மனுஷர். ஏன் அவ்வளவு சந்தோஷம் என்று எழுத விருப்பமில்லை.

ஜூலை 28, வெள்ளி

பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தபோது ரத்தினவேல் கேட்டார், "உங்க சர்வர் மெதுவா இருக்கா?"

"இருக்கும். மழை நேரம்."

மழையே பெய்யவில்லை. அவரும் அதைக் கேட்கவில்லை.

இன்னொரு வார்த்தை கேட்டுவிடாதீர்கள், தயவு செய்து கேட்டுவிடாதீர்கள் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே மிச்ச பீன்ஸையும் நறுக்கினேன். நார் எடுக்காமலே நறுக்கியிருக்கிறேன்.

ஜூலை 30, ஞாயிறு

மத்தியானச் சாப்பாட்டில் கேட்டுவிட்டார்.

"கனி, உங்க சர்வர்ல என்ன கோளாறு? மேல போகவே மாட்டேங்குது."

"எங்க மேல?"

"ஃபோல்டருக்கு மேல. முன்னாடி எல்லாப் பார்ட்டி பேரும் வரிசையா வரும்ல? இப்ப எத்தன தடவ போனாலும் பூங்கொடியவிட்டு நகர மாட்டேங்குது." சொல்லிவிட்டு அப்பளத்தை நொறுக்கினார். ஒரு கள்ளமும் இல்லாமல், ஃபேன் சுற்றவில்லை என்று சொல்வதுபோலச் சொன்னார்.

நான் ரசம் ஊற்றினேன். தட்டு நிறைந்து தரையில் வழிந்தது. அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"வேலாயுதத்தோட பிள்ளையாரப் பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

"பாத்தேன். தொறந்து கெடந்துச்சு, பாத்தேன். யாரு பாக்காம இருப்பா?"

"பாத்ததோட விட்டீங்களா?"

"ஊஞ்சல் என்ன வேலாயுதம் கண்டுபிடிச்சதா? கிருஷ்ணர் என்னோடது. கன்னுக்குட்டி என்னோடது. கண்ணு, மூக்கு, நெத்திச் சுழி எல்லாம் நான் ராத்திரி பகலா உக்காந்து போட்டது. நீயே பக்கத்துல நின்னு பாத்தேல்ல?"

பார்த்தேன்தான். நாள் கணக்கில் பார்த்தேன். அந்த போட்டோவைக் காட்டிய அன்றைக்கே எனக்குத் தெரியும். தெரியாததுபோல இந்தப் பக்கங்களை நிரப்பிக்கொண்டு வந்திருக்கிறேன்.

"காளிராஜ் அண்ணனை வெளிய அனுப்பப் போறாங்க. அவருதான் வித்தாருன்னு."

கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு இருந்தார். இது அவருக்குத் தெரியாது என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. "அவருக்கு வேற பிரஸ்ஸா இல்ல?" என்றார், சத்தமே இல்லாமல்.

"இந்தப் பேரோட போனா யாரு சேத்துக்குவா? உங்களுக்குத் தெரியாதா?"

தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்: "நீ சொன்னா மொதல்ல உன்னையத்தான் வெளிய நிறுத்துவாங்க. சர்வர் உன் கையில, படம் புருஷன் கையில. நீதான் தொறந்து குடுத்தேன்னு ஊரே பேசும். யோசிச்சுக்க."

மிரட்டலாகச் சொல்லவில்லை. பயந்துபோய்ச் சொன்னார். அதுதான் எனக்கு ஆத்திரம். மிரட்டியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவர் சொன்னது நிஜம், அதை என்ன செய்வது? தரையில் வழிந்த ரசத்தைத் துடைத்தேன்.

ஆகஸ்ட் 1, செவ்வாய்

கம்ப்யூட்டர் திரையில் கன்றுக்குட்டி இல்லை, வெறும் நீலத் திரை மட்டும் இருந்தது.

ஆகஸ்ட் 2, புதன்

காளிராஜ் அண்ணன் மேசையைக் காலி செய்தார். சாமி படம், ஒரு ஸ்வெட்டர், தலைவலித் தைலம். என் டம்ளரைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். "இத்தன நாளு கழுவாமலே வச்சிட்டேன், கோவிச்சுக்காத" என்றார். திட்டக்கூட வழியில்லாமல் செய்துவிட்டார் மனுஷர்.

சாயங்காலம் ரத்தினவேல் வாசலிலேயே நின்றிருந்தார். "நாளைக்குச் சொல்லப் போறியா?"

"கேட்டா சொல்லுவேன்."

"கேக்காம இருப்பாங்களா?"

"இருக்க மாட்டாங்க."

செருப்பை மாட்டிக்கொண்டு எங்கேயோ போனார். திரும்பி வந்தபோது கையில் எனக்கு ஒரு முழம் பூ இருந்தது. வாங்கித் தண்ணீர் தெளித்து வைத்தேன். வைத்துக்கொள்ள மனசு வரவில்லை, தூக்கிப்போடவும் வரவில்லை.

ஆகஸ்ட் 3, வியாழன். ஆடிப் பதினெட்டு

பிரஸ்ஸில் பூஜை. புது ஆல்பங்களைச் சாமி முன்னால் அடுக்கி, தேங்காய் உடைத்து, எலுமிச்சை சாதமும் தேங்காய் சாதமும் பரிமாறினார்கள். வேலாயுதம் சாப்பிடவில்லை. காளிராஜ் அண்ணன் துணிப்பையோடு கதவோரம் நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

அண்ணாச்சி எல்லாரையும் வைத்துக்கொண்டே கேட்டார். "யாராச்சும் கேட்டாங்களா தாயி?"

இல்லை என்று சொன்னால் அதோடு முடிந்தது. என்னையும் ரத்தினவேலையும் தவிர யாருக்கும் தெரியப் போவதில்லை. சர்வருக்கே தெரியாது.

"கேட்டாங்க அண்ணாச்சி. மேல போக முடியலையே, மத்தவங்க ஃபோல்டர் எங்கேன்னு ஒருத்தர் கேட்டாரு."

"யாரு?"

"ரத்தினவேல். பூங்கொடிக்கு அவருதான் படம் போட்டாரு. எங்க வீட்டுக்காரரு."

வேலாயுதம் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "அப்ப நீதானம்மா..." அண்ணாச்சி கையைக் காட்டி நிறுத்தினார். "அந்தப் பிள்ளை சொல்லலைன்னா உமக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. உக்காருங்க." பிறகு காளிராஜ் அண்ணனைப் பார்த்து, "பைய உள்ள கொண்டுபோய் வையி" என்றார்.

கொஞ்சம் கழித்து என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "நீ குடுத்தேன்னு நான் நெனைக்கல. ஆனா வேலாயுதம் படத்த இனிமே உன் கையில வச்சுக்கிட்டு நான் என்னன்னு பதில் சொல்ல? சர்வரைக் காளிராஜ்கிட்ட விட்டுட்டுப் போ தாயி."

தெரிந்துதான் சொன்னேன்.

காளிராஜ் அண்ணனைப் பக்கத்தில் உட்கார வைத்தேன். அவர் பெயரில் ஒரு கணக்கு ஆரம்பித்து, ரூட் வேலைக்கான அனுமதி கொடுத்தேன். பாஸ்வேர்டு போடுகிற நேரத்தில் நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். அவர் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடிக்கிற சத்தம் கேட்டது. படம் எங்கே வரும், புதுப் பார்ட்டி வந்தால் என்ன செய்வது, கரண்ட் போனால் எதை முதலில் பிடுங்குவது, எல்லாம் சொன்னேன். கடைசியானது அவருக்குத் தெரியும்.

"உன் கணக்க என்ன செய்ய?"

அன்றைக்குத் தப்பாக அடித்த அதே வரியை இன்று நிதானமாக அடித்தேன். என்னை அந்தக் குழுவில் சேர்த்தேன். புது விண்டோவில் உள்ளே போய்ப் பார்த்தேன். காலி ஃபோல்டர். மேலே போனேன், அதே காலி ஃபோல்டர். நான் செய்த வேலை, ஒழுங்காக இருந்தது.

பூட்டுவதற்கு முன் திறந்த பழைய விண்டோ இன்னும் மூடாமல் இருந்தது. காளிராஜ் அண்ணன் அதைப் பார்த்தார். "அது இருக்கட்டும்மா. அன்னைக்கு அதுதான காப்பாத்துச்சு" என்றார்.

மூடினேன். என் டம்ளரை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். வேண்டாம் என்று தோன்றியது, எடுத்து அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.